ஓவியக் கண்காட்சி, பரிசுப் போட்டிக்கு கேன்வாஸ் அனுப்புவது எப்படி?

பென்னாகரம்_தூரிகை
தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு நடத்தும் கண்காட்சிக்கும் லலித் கலா அகாடமியின் தேசியக் கண்காட்சிக்கும் விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். 3×4 அடி கேன்வாஸ், ஆயில் கலர், பெயிண்டிங் கத்தியால கெட்டியா பூசினது. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களை வெச்சு வரைஞ்சது. இதை மரபுப் பிரிவுல போடறதா, நவீனப் பிரிவுலயா? மொபைல் போட்டோ போதுமா? சென்னைக்கு லாரி சர்வீஸ்ல போட்டா தாங்குமா?

ஓசூர்_சட்டகம்
போட்டோவுக்குத்தான் முதல்ல மெனக்கெடணும். நடுவர் கண்ணுக்கு முதல்ல படறது அதுதான். மொபைலே போதும், ஆனா வைடு லென்ஸ் வேண்டாம், ஓரக்கோடு வளைஞ்சிடும். பின்னால தள்ளி நின்னு 2எக்ஸ் ஜூம்ல எடுங்க. லென்ஸ் கேன்வாஸோட நடு உயரத்துல நேரா இருக்கணும், இல்லன்னா படம் சரிவகமா வரும். வெயில் நேரா விழாத திண்ணை நல்லது. ஃபிளாஷ் போட்டா ஆயில்ல பளபளன்னு வெள்ளைத் திட்டு விழும். கத்தி வேலையில அது இன்னும் மோசம். ஓரத்துல ஒரு வெள்ளைத்தாள் வெச்சு எடுத்தா, நிறம் சரிபார்த்துட்டு வெட்டிடலாம். கேட்லாக்ல 12 அங்குல அகலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேணும்னா 3600 பிக்சல் வேணும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, சுருக்கிடும், டாக்குமென்டா அனுப்புங்க.

அளவை செ.மீ-ல, உயரம் முதல்ல எழுதுங்க. படுக்கைவாட்டுப் படம்னா 91 × 122. மாத்தி எழுதினா தொங்கவிடற இடத்தையே தப்பா ஒதுக்கிடுவாங்க.

கோடும்_நிறமும்
நடுகல் வந்துட்டா மரபு ஆகிடாது. தஞ்சாவூர் பாணி மாதிரி வழிவழியா வந்த முறையில செஞ்சிருந்தா மரபு. உங்களுது கத்தி வேலை, நவீனத்துலயே போடுங்க.

விண்ணப்பத்தோட படத்தைப் பத்தி எழுதற குறிப்புல "தொன்மை, வீரம், மண்ணின் பண்பாடு"ன்னு எழுதிடாதீங்க. எல்லா விண்ணப்பத்துலயும் அதேதான் இருக்கும். எந்தக் கல், அதுல வீரன் உடம்புல அம்பு எங்க தைச்சிருக்கு, கல்லுல இருக்கிற கோடுகளை நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, அதைச் சொல்லுங்க. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல இருந்து போற நல்ல வேலைகளை இந்த மொட்டைக் குறிப்புதான் கவிழ்க்குது. பர்கூர் பக்கத்து மல்லப்பாடியில, பழங்காலப் பாறை ஓவியத்துல வெறும் வெள்ளையில வரைஞ்ச குதிரை வீரன் இருக்கான். அவ்வளவு சிக்கனமான கோடு இருக்கிற ஊருக்கு அலங்கார வார்த்தை எதுக்கு?

ஓசூர்_சட்டகம்
பேக்கிங்கை விட்டுட்டேன். கெட்டி ஆயில் மேல காஞ்சாலும் உள்ளே மாசக்கணக்கா ஈரமா இருக்கும். பபுள் ராப்பை நேரா சுத்தினா குமிழ்த் தடம் பதிஞ்சிடும். முகப்பை எதுவும் தொடாதபடி நாலு ஓரத்துலயும் ரீப்பர் அடிச்சு, 9 எம்எம் பிளைவுட் பெட்டியில வைங்க. சுத்தி 2 அங்குலம் ஃபோம். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்க. திருப்பி அனுப்பறப்போ அதே பெட்டியில கட்டணுமே. பின்னால மேலிருந்து மூணுல ஒரு பங்கு இறக்கி, ரெண்டு பக்கமும் டி-ரிங் (D வடிவ வளையம்) போட்டு, மாட்டறதுக்குக் கம்பி கட்டுங்க. இவ்வளவு கெட்டிப் பூச்சை எக்காரணம் கொண்டும் சுருட்டாதீங்க, வெடிச்சிடும்.

பர்கூர்_உளி
சிற்பம் அனுப்பறவங்களுக்கு ஒண்ணு. நம்ம கிரானைட் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. கேலரி பீடம் பெரும்பாலும் உள்ளே வெத்து பிளைவுட். எடையை விண்ணப்பத்துலயே எழுதுங்க, அடியில ரப்பர் ஷீட் ஒட்டுங்க. போக்குவரத்துச் செலவு, திருப்பி அனுப்பற செலவு யாருதுன்னு அறிவிப்புல பாருங்க. கல்லுக்கு வண்டி வாடகைதான் பெரிய தொகை.