பில்லிங் கம்ப்யூட்டர் பேக்கப்: வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று போதுமா?

கடைக்கணக்கு:
வணக்கம். ஒரு சில்லறை விற்பனைக் கடை, அதை ஒட்டியே சின்ன உணவகம், இரண்டுக்கும் ஒரே பில்லிங் சாஃப்ட்வேர். ஸ்டாக், வாடிக்கையாளர் கடன் பாக்கி, சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் கவுண்டரில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில்தான். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று எப்போதும் செருகியே இருக்கும், இரவு 2 மணிக்குத் தானாக பேக்கப் எடுக்கும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பல நாட்களுக்கு அந்த ஃபோல்டரில் ஃபைலே இல்லை. கிளவுடுக்கு மாறிவிடுங்கள், டிஸ்க் வேண்டாம் என்கிறார் சாஃப்ட்வேர் விற்றவர். சரியா அது?

நள்ளிரவுஷிப்ட்:
முதலில் ஒன்று கேட்கிறேன், கடை மூடும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தானே போகிறீர்கள்? அப்படியென்றால் 2 மணிக்கு யார் பேக்கப் எடுப்பது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில், தவறிய வேலையை அடுத்து கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஓட்டச் சொல்லும் ஒரு தேர்வு உண்டு, அதை டிக் செய்யலாம். ஆனால் காலையில் கூட்ட நேரத்தில் அது ஓடி பில்லிங்கை மெதுவாக்கும். நாள் கணக்கை முடித்த கையோடு பேக்கப், அது முடிந்த பிறகு ஷட் டவுன், இந்த வரிசைதான் நல்லது. உணவகம் 12 மணி தாண்டியும் ஓடுகிறது என்றால் கடிகாரத்தை நம்பவே வேண்டாம், நாள் கணக்கை முடிப்பதோடு பேக்கப்பைச் சேர்த்துவிடுங்கள்.

பழைய_டிஸ்க்:
எனக்குப் பெரிய கவலை அந்த ‘எப்போதும் செருகியே இருக்கும்’ என்ற வரிதான். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தீய நிரல்) வந்தால் சி டிரைவோடு நிற்காது, அந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்குத் தெரிகிற எல்லா டிரைவையும் பூட்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது செருகியிருந்த வெளி டிஸ்க்குகள், நெட்வொர்க் டிரைவ்கள் எல்லாம் சேர்ந்தே போயின, விண்டோஸ் தானாக வைத்திருக்கும் ஷேடோ காப்பி என்ற பழைய பிரதிகளையும் அது அழித்தது. ஆகவே இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று எப்போதும் கழற்றிய நிலையில், முடிந்தால் வேறு கட்டடத்தில். தீப்பிடித்தாலோ திருடு போனாலோ கம்ப்யூட்டரும் பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் போகும்.

கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வையுங்கள். ஆனால் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி சிங்க் ஆகிற (இங்கே செய்யும் மாற்றம் உடனே அங்கேயும் போகிற) ஃபோல்டரை மட்டும் பேக்கப் என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கே நல்ல ஃபைலின் இடத்தில் போய் உட்காரும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று பாருங்கள், குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. 3-2-1 என்று இந்தத் துறையில் சொல்வதும் இதைத்தான்: 3 பிரதி, 2 வகை ஊடகம், 1 வெளியிடத்தில்.

கடைக்கணக்கு:
ஆமாம், அணைத்துவிட்டுத்தான் போகிறோம்! இப்போதுதான் புரிகிறது. இன்னொன்று, கணக்கெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் ஃபைலை பென் டிரைவில் போட்டால் பாதியில் நின்று ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று வருகிறது, இடம் நிறைய இருக்கிறது.

டேபிள்ஸ்பேஸ்:
பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கும், அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள், ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், கவனம்.

அதைவிட முக்கியம், டேட்டாபேஸ் ஃபைலை நேரடியாகக் காப்பி செய்யாதீர்கள். பில் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பாதி எழுதப்பட்ட நிலையில் வந்துவிடும், திறக்காமலே போகலாம். உங்கள் சாஃப்ட்வேர் எஸ்கியூஎல் சர்வரில் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) ஓடுகிறது என்றால் அதன் பேக்கப் கட்டளை மூலம் எடுங்கள், வியாபாரம் நடக்கும்போதே எடுத்தாலும் கணக்கு பிசகாது. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஏஜென்ட் என்ற தானியங்கிச் சேவை கிடையாது, அதனால் டாஸ்க் ஷெட்யூலர் மூலம்தான் ஓட்ட வேண்டும்.

அப்புறம் தயவுசெய்து ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பிலிருந்து கணக்கைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஃபைல் இருக்கிறது என்பது வேறு, அதிலிருந்து கடையைத் திரும்ப ஓட்டுவது வேறு. புதிய எஸ்கியூஎல் சர்வரில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது, இது அவசரத்தில் தெரிய வந்தால் அன்றைய வியாபாரமே போச்சு. ரீஸ்டோர் செய்தபின் நேற்றைய கடைசி பில் எண், ஒரு வாடிக்கையாளரின் பாக்கி, நாலைந்து பொருளின் ஸ்டாக், இவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இன்ஸ்டால் ஃபைல், லைசென்ஸ் எண், பிரின்டர் அமைப்பு, மெனு எல்லாவற்றையும் பேக்கப்போடு சேர்த்து வையுங்கள்.

நள்ளிரவுஷிப்ட்:
டிஸ்க் வெளியே போகிறது என்பதால் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டு என்கிரிப்ட் செய்துவிடுங்கள், கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாது. 48 இலக்க மீட்பு எண்ணை அச்சிட்டு வீட்டில் வையுங்கள், அதே கம்ப்யூட்டரில் சேமித்தால் பயனில்லை. பணம் செலுத்தும் கார்டின் பின்னால் இருக்கும் 3 இலக்க எண் எங்கேயாவது பதிவாகிறதா என்றும் சாஃப்ட்வேர்காரரிடம் கேளுங்கள், பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு தகவல் பாதுகாப்பு விதிப்படி பணம் எடுக்க அனுமதி கிடைத்த பிறகு அதை என்கிரிப்ட் செய்துகூட வைத்திருக்கக் கூடாது.

கடைக்கணக்கு:
மிக்க நன்றி. இரண்டாவது டிஸ்க் வாங்கப் போகிறேன், ரீஸ்டோர் சோதனைக்கு வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறது. எந்த எஸ்கியூஎல் சர்வர் பதிப்பு என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.