அமெரிக்காவில் வாங்கிய ஹை8 ஹேண்டிகேமை இன்றைய கணினியுடன் இணைப்பதில் சிக்கல்

கேள்வி: நெய்தல், தூத்துக்குடி

வணக்கம். அமெரிக்காவில் வேலை பார்த்த என் அண்ணன் 1997-இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சோனி ஹேண்டிகேம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சிசிடி-டிஆர்வி வரிசையைச் சேர்ந்த, 8 மி.மீ. நாடாவில் பதியும் ஹை8 கேமரா அது. அதில் எடுத்த 14 கேசட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. மறைந்த எங்கள் அம்மாவின் குரல் இந்தக் கேசட்டுகளைத் தவிர வேறு எதிலும் பதிவாகவில்லை. ஆகவே, இதை அவசரப்பட்டுச் செய்து கெடுத்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன்.

பேட்டரி செத்துவிட்டது, அடாப்டரில் கேமரா இயங்குகிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கம்பிகளை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு பெட்டி ஒன்றை வாங்கிப் புதிய டிவியில் இணைத்தேன். கேசட்டை ஓட்டினால் சில நொடிகளுக்கு ஒருமுறை திரை நீலமாகிப் படம் அறுந்துபோகிறது. ஆனால் கேசட் இல்லாமல், கேமரா முன்னால் இருப்பதை நேரடியாகக் காட்டும்போது படம் சிறிதும் அசையவில்லை. வீடியோவைக் கணினியில் பதிய உதவும் யுஎஸ்பி கேப்சர் கருவி வழியாக மடிக்கணினியில் பார்த்தால், படம் கருப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருள்கிறது. இதே கேசட் பக்கத்து வீட்டுப் பழைய பிக்சர் டியூப் டிவியில் முழு வண்ணத்துடன் நன்றாக ஓடுகிறது. முன்பு ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றிய ஒரு கேசட்டில், ஆட்கள் நடப்பதெல்லாம் வெட்டி வெட்டித் தெரிகிறது. கோளாறு கேமராவிலா, கேசட்டிலா, நான் வாங்கிய கருவிகளிலா?

பதில் 1: ஒளிநாடா

நீங்கள் சோதித்த முறையே பாதி விடையைத் தந்துவிட்டது. கேமராவும் கேசட்டும் நலமாகவே இருக்கின்றன என்பதற்குப் பக்கத்து வீட்டு டிவி சாட்சி. இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

முதலாவது, ஒளிபரப்பு முறை. அமெரிக்காவில் விற்ற கேமராக்கள் என்டிஎஸ்சி முறையில் பதிவு செய்பவை. அதாவது 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள் (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளை மட்டும் கொண்ட பாதிப் படங்கள்). நம் நாட்டில் வழங்கிய பிஏஎல் முறையில் 625 வரிகள், நொடிக்கு 50 அரைப்படங்கள். சோனியின் பிஏஎல் கேமராக்களுக்கு மாதிரி எண்ணின் இறுதியில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். உங்களுடையதில் அது இருக்காது என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். கேப்சர் மென்பொருள் பிஏஎல் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க, என்டிஎஸ்சி வந்து சேர்ந்தால், வண்ணம் போய்ப் படம் உருளத்தான் செய்யும். மென்பொருளின் வீடியோ அமைப்பில் என்டிஎஸ்சி-எம் என்பதைத் தேர்ந்தெடுத்து, அளவை 720 × 480 என்று வையுங்கள்.

இரண்டாவது, நாடாவின் காலத் தடுமாற்றம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதை அறியாமல் கேபிளை மாற்றி மாற்றி வாங்கிப் பணத்தை இழக்கிறார்கள். என்டிஎஸ்சி படத்தின் ஒவ்வொரு வரியும் சுமார் 63.5 மைக்ரோ நொடி நீளமுடையது. கேமரா நேரடியாகக் காட்டும்போது, உள்ளிருக்கும் படிகக் கடிகாரம் இந்த அளவை இம்மியும் பிசகாமல் காக்கிறது. கேசட்டை ஓட்டும்போதோ, நிமிடத்துக்கு 1800 முறை சுழலும் உருளையில் நாடா உரசிச் செல்வதால், நாடாவின் இழுவிசையில் உண்டாகும் மிகச் சிறிய மாற்றமும் வரியின் நீளத்தை மாற்றிவிடுகிறது. பிக்சர் டியூப் டிவி ஒவ்வொரு வரியின் தொடக்கத் துடிப்பையும் பின்தொடர்ந்தே வரைந்ததால், இந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டது. மலிவான எச்டிஎம்ஐ பெட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது; ஒழுங்கு தவறியதும் ‘சிக்னல் இல்லை’ என்று முடிவுகட்டி நீலத்திரையைக் காட்டுகிறது.

இதற்கு வேண்டியது, வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி. தனிக் கருவியாக வாங்கினால் விலை மிக அதிகம். பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ஆகிய பழைய டிவிடி ரெக்கார்டர்கள், உள்ளே வரும் படத்தைப் பதிவு செய்யாமல் வெறுமனே கடத்திவிடும்போதும் வரிகளை ஒழுங்குபடுத்தி அனுப்புகின்றன. நான் இஎஸ்15-ஐத்தான் பயன்படுத்துகிறேன். என்டிஎஸ்சியை ஏற்கும் வகைதானா என்பதை அதன் அமைப்புப் பட்டியலில் உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கும், ரெக்கார்டரிலிருந்து கேப்சர் கருவிக்கும், ஒளியையும் வண்ணத்தையும் தனித்தனியே கடத்தும் எஸ்-வீடியோ கம்பியையே போடுங்கள். ஹை8 நாடா ஒளியையும் வண்ணத்தையும் பிரித்தே பதிவு செய்கிறது. மஞ்சள் கம்பி அவற்றை மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

விர்ச்சுவல்டப் மென்பொருளில் ஹஃப்யுவ் வடிவில் பதிந்தால் தரம் குறையாது. ஆனால் மணிக்கு 30 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். உங்கள் 14 கேசட்டுகளும் இரண்டு மணி நேரம் ஓடுபவை என்றால் 28 மணி நேரம் ஆகிறது. ஆகவே 2 டிபி வட்டு ஒன்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கடையில் மாற்றிய டிவிடி ஏன் வெட்டி வெட்டி ஓடுகிறது என்றால், நொடிக்கு 60 அரைப்படங்களை 25 முழுப்படங்களாக இறக்கியிருப்பார்கள். நீங்கள் பதிவு செய்யும்போது அரைப்படங்களை அப்படியே விட்டுவைத்து, பின்னர் பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) போன்ற மென்பொருள் வடிகட்டியால் நொடிக்கு 60 முழுப்படங்களாக மாற்றினால், அசைவுகள் அன்று கண்டது போலவே வழுவழுப்பாக இருக்கும்.

பதில் 2: மின்பலகை

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் அடுத்த கேசட்டைக் கேமராவில் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு கேசட்டின் சாளரத்தையும் நல்ல வெளிச்சத்தில் பிடித்து, சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ புள்ளிகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஒரு முறை ஓட்டினாலும், பூஞ்சை ஹெட்டில் (உருளையில் நாடாவைப் படிக்கும் காந்த முனை) ஒட்டி மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். நாடா அறுந்துபோகவும் கூடும். அவற்றைத் தனியே எடுத்துவைத்து, கூட்டைத் திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஹெட்டைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைக்கவே வேண்டாம். பஞ்சு இழை சிக்கினால் ஹெட் உடைந்துபோகும். நூல் பிரியாத மெல்லிய தோல்துண்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைத்தான் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது.

பேட்டரியைப் பற்றி ஒரு நல்ல செய்தி. உங்கள் கேமராவில் பொருந்துவது என்பி-எஃப் வகை என்றால், அது இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. எல்இடி விளக்குகளுக்கும் சிறு மானிட்டர்களுக்கும் அதே 7.2 வோல்ட் பேட்டரியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பதில் 3: பழஞ்சுருள்

இன்னொரு வழியும் உண்டு. 1999-இல் வந்த, அதே 8 மி.மீ. கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும் டிஜிட்டல்8 கேமராக்களில் சில, பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டி, ஃபயர்வயர் என்ற பழைய கணினி இணைப்பு வழியாக டிஜிட்டலாகவே வெளியே தருகின்றன. காலத் தடுமாற்றத்தை அவையே உள்ளுக்குள் சரிசெய்துவிடும். மணிக்கு 13 ஜிபிதான் ஆகும். வண்ண விவரம் ஓரளவு குறையும் என்பதால், ஒளிநாடா சொன்ன வழியையே நான் முதலில் வைப்பேன். இந்த வழியில் போவதானால், என்டிஎஸ்சி டிஜிட்டல்8 கேமராவாகத் தேட வேண்டும். எல்லா மாதிரிகளும் பழைய கேசட்டை ஓட்டாது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஃபயர்வயரை யுஎஸ்பியாக மாற்றுவதாகச் சொல்லி விற்கும் மலிவான கேபிள் வேலை செய்யாது. மேசைக் கணினியில் ஃபயர்வயர் அட்டை போட வேண்டும்.

நெய்தல்

அனைவருக்கும் நன்றி. மாதிரி எண்ணின் இறுதியில் ‘இ’ இல்லை. என்டிஎஸ்சி-எம் என்று மாற்றியவுடன் மடிக்கணினியில் வண்ணம் வந்து, படம் உருள்வதும் நின்றுவிட்டது. மேல் விளிம்பு மட்டும் கொடி போல வளைந்து ஆடுகிறது; அது நீங்கள் சொன்ன காலத் தடுமாற்றம்தான் என்று இப்போது புரிகிறது. இஎஸ்15 ஒன்று மதுரையில் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தது, விசாரித்திருக்கிறேன். 14 கேசட்டுகளில் மூன்றில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அவற்றைத் தனி டப்பாவில் மூடி வைத்துவிட்டேன். அந்த மூன்றில் ஒன்றில்தான் அம்மா பாடியது இருக்கிறது. தமிழ்நாட்டில் 8 மி.மீ. கேசட்டின் கூட்டைத் திறந்து பூஞ்சையைத் துடைத்துத் தரும் ஆட்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால், நானே கொண்டுபோய்க் கூடவே இருந்து செய்து வாங்கி வருவேன்.