காந்தலா, எரிச்சலா?

ஐயா,

நம் கலைச்சொல் பட்டியலில் டென்ஸுக்கு (TENS, வலி குறையத் தோலில் பேட் ஒட்டி மின்துடிப்பு செலுத்தும் முறை) 'தோல்வழி நரம்பு மின்தூண்டல்' என்று போட்டது பொருந்துகிறது. அடுத்த வரிதான் இடிக்கிறது: சூடே இல்லாமல் சுடுவது போன்ற உணர்வுக்கு 'எரிச்சல்'.

5 செ.மீ. சதுர பேட் இரண்டு, 80 ஹெர்ட்ஸ், 100 மைக்ரோநொடித் துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றினால் முதலில் வருவது குறுகுறுப்பு. தொடுகையைக் கடத்தும் தடித்த நரம்பிழைகள் குறைந்த மின்னோட்டத்திலேயே விழித்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது அதுதான். இன்னும் ஏற்றினால் மெல்லிய வலியிழைகளும் சேர்ந்துகொள்ளும், சுருக்சுருக்கென்று குத்தும். இரண்டும் பேடின் அடியில் பரவலாகத் தெரியும். ஓர் ஓரத்தில் மட்டும் 'காந்துது' என்றால் கோளாறு வேறு. ஜெல் காய்ந்திருக்கும், அல்லது விளிம்பு தூக்கியிருக்கும். ஒட்டியிருக்கிற கொஞ்ச இடத்தில் மின்னோட்டம் அத்தனையும் குவிகிறது. சுழியத்துக்கு இறக்கிவிட்டுப் பேடை எடுத்து, தோலைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து உலர்த்தி, ஜெல்லில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். அப்படியும் ஒட்டாவிட்டால் புதுப் பேட்தான். காரைக்குடி வெயிலில், உறைக்குள் திருப்பி வைக்காத பேட் சீக்கிரமே வறண்டுவிடும்.

பசை ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்து அரித்தாலும் 'எரிச்சல்' என்றுதான் சொல்வார்கள். அதற்கு மின்னோட்டத்தைக் குறைத்துப் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிச் சரிவரும்?

மிளகாய் இடித்த ஆச்சியைக் கேளுங்கள், 'கை காந்துது' என்பார். வெப்பமானி வைத்துப் பார்த்தால் அந்தக் கை சுடுகிற அளவுக்குச் சூடாகியிருக்காது. சுமார் 43 பாகைச் சூட்டுக்குத் திறக்கிற நரம்புமுனை வாயிலை மிளகாயின் காப்சைசின் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸுக்கு 2021 மருத்துவ நோபலில் பங்கு வாங்கித் தந்த வாயில் அது. சொல் நம் அடுப்படியிலேயே கிடக்கிறது: காந்தல்.

*

தம்பி,

சொல் நல்ல சொல். ஆனால் பக்கத்திலேயே 'மின்' நிற்கிறதே! காந்தலை உணரும் அந்த நரம்புமுனை வாயிலைக் 'காந்த உணரி' என்று யாராவது எழுதினால் படிப்பவர் இரும்பைத் தேடுவார். தலையில் சுருள் வைத்துச் செய்யும் காந்தத் தூண்டல் வேறு இருக்கிறது. ஆகவே லகர மெய்யை விடாமல் 'காந்தலுணரி' என்றே எழுதுவோம். 'காந்தற்றூண்டல்' என்று புணர்த்திக்கொண்டு வருகிறவரைத் தடுப்பது உங்கள் பாடு.

முன்பு பேச்சில் வந்த 'பொய்ச்சூடு' என்பதையும் தூக்கிப் போட வேண்டாம். 1896இல் ஸ்வீடன் உடலியலாளர் துன்பெரி காட்டியது போல, 20 பாகையும் 40 பாகையுமான கம்பிகளை மாற்றி மாற்றி அடுக்கி அதன்மேல் கையை வைத்தால் சுடும்; தனித்தனியே தொட்டால் எதுவும் சுடாது. அந்தச் சொல் அதற்கு இருக்கட்டும். செட்டிநாட்டு வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கல் விடியற்காலையில் சில்லென்பது இந்தக் கணக்கில் சேராது. மரத்தைவிடக் கல் உள்ளங்காலின் சூட்டை வேகமாக இழுக்கிறது. தோல் உண்மையாகவே குளிர்கிறது.

காந்தல் பதிவின் கீழ் ஒரு வரி சேருங்கள்: சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில், பேட் தோலைப் பொசுக்கினாலும் 'காந்துது' என்ற சொல் வராது. வெந்நீர் ஊற்றிய சோதனைக் குழாயையும் குளிர்ந்த நீர் ஊற்றியதையும் பாதத்தில் தொடவைத்து, எது சூடு என்று சொல்கிறாரா பார்த்த பிறகே பேட்.