ஜமைக்காப் பேச்சைக் கொங்குப் பேச்சுல பெயர்க்கலாமுங்களா?

கோபியிலிருந்து:
ஈரோட்டு வாசகர் வட்டத்துல அடுத்த மாசம் கரீபியக் கவிதைங்க. ஜமைக்காப் பேச்சுலயே எழுதுன லூயிஸ் பென்னட், செயின்ட் லூசியாக் கவிஞர் டெரக் வால்காட் ரெண்டு பேரையும் தமிழ்ல வாசிக்கோணும். பென்னட்டைக் கொங்குப் பேச்சுல போட்டா, அடிக்கு அடி 'ங்க'ன்னே முடியுது. என்ன பண்ணலாமுங்க?

பொள்ளாச்சியிலிருந்து:
யாரு யாருகிட்டப் பேசறாங்கன்னு மொதல்ல பாருங்க. பென்னட்டோட 'காலனைசேஷன் இன் ரிவர்ஸ்' (தலைகீழ்க் குடியேற்றம்) கவிதை, மிஸ் மாட்டிங்கறவங்களைக் கூப்பிட்டுச் சொல்றது. ஆக 'ங்க' அங்க பொருந்தும், ஆனா கூப்பிடற இடத்துல மட்டும். 'ஏனுங்க்கா'ன்னு ஆரம்பிச்சா மரியாதை வந்துடும், மறுபடி மறுபடி வேண்டாம்.

சந்தம்தான் பெரிய சோலி. அது நாலடிப் பாட்டு. ஒண்ணாவது, மூணாவது அடியில சுமார் நாலு அழுத்தம், மத்ததுல மூணு. ரெண்டாவதும் நாலாவதும் இயைபு, அதாவது அடிக் கடைசி ஓசை ஒத்து வரும். நம்ம கும்மியும் நாலும் மூணுமா ஏழு சீர்தானுங்க! கைதட்டிக்கிட்டே எழுதுங்க. வினைமுற்றை அடி நடுவுக்கு இழுத்துட்டு, கடைசியில பெயர்ச்சொல்லை வெச்சா இயைபு கிடைக்கும்.

திருப்பூரிலிருந்து:
கும்மி யோசனை அருமை. ஆனா கொங்குச் சொல்லை அள்ளிக் கொட்டாதீங்க. சினிமா புண்ணியத்துல நம்ம பேச்சைக் கேட்டாலே சபை சிரிக்கத் தயாராயிடும். பென்னட் கிண்டல்காரிதான், ஆனா அந்தக் கிண்டல் இங்கிலாந்து மேல: அடிமைப்படுத்துன நாட்டுக்கே ஜமைக்கா சனம் குடியேறுது. பேசறவளைப் பார்த்துச் சபை சிரிச்சா கவிதை போச்சு. 'என்ற' (என்னோட), 'ஊடு' (வீடு) மாதிரி நாலஞ்சு சொல் போதும். அறிமுகத்துல 'வட்டார வழக்கு'ன்னும் சொல்ல வேண்டாம். பார்படோஸ் கவிஞர் கமாவ் பிராத்வெயிட், அதுக்கான 'டயலெக்ட்'ங்கற இங்கிலீஷ் சொல்லுல இளக்காரம் ஒட்டியிருக்குன்னுதான் 'நேஷன் லாங்குவேஜ்' (தேசத்து மொழி)னு பேர் வெச்சாரு. 1984-ல வந்த 'ஹிஸ்டரி ஆஃப் த வாய்ஸ்' நூல் முழுக்க இதே வாதம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து:
ஒத்துக்கறேன். வால்காட் வேற கதை. 'த ஸ்கூனர் ஃபிளைட்'ல ஷபீன்ங்கற மாலுமி தன் கதையைத் தானே சொல்றான். 'ங்க' போட்டா மாட்டுச் சந்தைத் தரகர் மாதிரி ஆயிடுவான். அவன் இங்கிலீஷ் பெரும்பாலும் பொதுநடை. நடுநடுவுல வினை காலம் காட்டாம மொட்டையா நிக்கும். தமிழ் வினைமுற்றுல காலத்தை உதற முடியாது, அதனால அதை அப்படியே காட்டப் போராடாதீங்க. பொதுநடையை எழுத்துத் தமிழ்லயும், மொட்டை வினை வர்ற அடிகளை மட்டும் பேச்சுத் தமிழ்லயும் வைங்க.

கோபியிலிருந்து:
மூலத்தையும் வாசிக்கோணுமுங்களா?

திருப்பூரிலிருந்து:
பென்னட்டுக்குக் கட்டாயம். அவங்களே வாசிச்ச ஒலிப்பதிவு இருக்கு. அதைப் போட்டுட்டு உங்க கும்மியைத் தொடங்குங்க. வால்காட்டுக்கு ஒரு பத்தி போதும்.