அயர்லாந்துக் கிராமத்துச் சிறுவர் விளையாட்டுக்கள்: விவரம் அறிந்தவர்கள் உதவுக

படுவான்கரை வாத்தியார்:
வணக்கம். ஏழாந்தரப் பிள்ளைகளைக் கொண்டு ஊர் விளையாட்டுக்களை எழுதுவித்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை ஆக்க எண்ணியுள்ளேன். அயர்லாந்தில் இந்த வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளே செய்து முடித்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் எவற்றை விளையாடினார்கள், எப்படி எழுதினார்கள்? ஹர்லிங் என்ற பெயரைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

அக்கரைப்பற்று ஆசிரியை (ஓய்வு):
ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு 1937 முதல் 1939 வரை, 26 கவுண்டிகளில் ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளைச் சேர்ந்த 50,000 வரையான மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைத்தது. கட்டுரைப் பாடத்துக்குரிய நேரத்தில், பெற்றோரிடமும் மூத்தோரிடமும் அயலவரிடமும் கேட்டறிந்தவற்றைப் பிள்ளைகள் அப்பியாசக் கொப்பிகளில் எழுதினார்கள். தலைப்புக்களில் விளையாட்டும் ஒன்று. இன்று அவற்றை இணையத்திலேயே வாசிக்கலாம்.

அவர்களது விளையாட்டுக்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஐந்து கல்லை எறிந்து புறங்கையில் ஏந்தும் ஆட்டம் நமது கொக்கானேதான். சிறு கட்டையைத் தடியால் எழுப்பி அடிப்பது கிட்டி. கோடு கீறிக் கெந்தும் ஆட்டத்தில் சில்லுக்குப் பதிலாக வெறும் சப்பாத்துப் பொலிஷ் டின்னையும் தள்ளினார்கள். மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் ஆட்டத்துக்கு நல்ல மட்டை வாங்க வசதியில்லாத பிள்ளைகள் வேலியில் வளைந்த தடியொன்றைத் தேடி வெட்டிக்கொண்டார்கள்.

கல்முனைக்காரன்:
ரீச்சர், கொங்கர்ஸ் என்பதை விட்டுவிட்டீர்களே! இலையுதிர் காலத்தில் விழும் குதிரைக் கஷ்கொட்டை விதையைத் துளைத்து, நூலில் கோர்த்து, முடிச்சிடுவார்கள். ஒருவர் தன் விதையை அசையாமல் தொங்கவிட, மற்றவர் தன்னுடையதை வீசி அடிப்பார். பின்னர் முறை மாறும். உடையாத விதைக்கே வெற்றி. அதிலும் சுவையான விதி, உடைந்த விதை அதுவரை சேர்த்த வெற்றிகளெல்லாம் உடைத்த விதையின் கணக்கில் ஏறிவிடும் என்பதாகும். விதையை வினாகிரியில் ஊறவைத்தும் அடுப்பில் வாட்டியும் இறுக்கிக்கொண்டு வருகிற கள்ளர்களும் உண்டு.

இதை வாசித்தபோது சித்திரைப் புத்தாண்டில் ஒரு தேங்காயால் மற்றதை உடைக்க நாங்கள் அடித்த போர்த்தேங்காய்தான் நினைவுக்கு வந்தது. ஓட்டின் தடிப்பை அறிய என் மாமா தேங்காயைக் காதோடு சேர்த்து நகத்தால் சுண்டிப் பார்ப்பார். ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரை நாள் போய்விடும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: குதிரைக் கஷ்கொட்டை பால்கன் மலைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரமாகையால், கொங்கர்ஸை அயர்லாந்தின் ஆதி விளையாட்டு என்று சஞ்சிகையில் எழுதிவிடாதீர்கள்.

படுவான்கரை வாத்தியார்:
இருவருக்கும் நன்றி. "உங்கள் ஊர் விளையாட்டைப் பற்றி எழுதுக" என்று பொதுவாகக் கேட்டால் பிள்ளைகள் கிரிக்கெட்டைத்தான் எழுதுவார்கள். ஆகவே வரும் திங்கட்கிழமை ஒரே ஒரு கேள்வியுடன் வீட்டுக்கு அனுப்பப் போகிறேன்: அம்மப்பா கிட்டியை எந்த மரத்தில் வெட்டினார்?