அடாப்டிவ் ரீயூஸ் – "பயன்மாற்றுக் காப்பு"ன்னு சொல்லலாமா?

> "மறுபயன்பாடு"ன்னே வச்சுட்டு முடிச்சிடலாமே

வணக்கம். பழைய கட்டடத்தை இடிக்காம வேற வேலைக்கு மாத்திப் பயன்படுத்துறதைத்தான் இங்கிலீஷ்ல அடாப்டிவ் ரீயூஸ்ங்கறாங்க. அதுக்குத் தமிழ்ல "மறுபயன்பாடு" போதும்ங்கறதுல எனக்கு மனசு ஒப்பலைங்க. மறுபயன்பாடுன்னா பாட்டிலைக் கழுவி மறுபடி தண்ணி புடிக்கிறது, அதே பொருள் அதே வேலை. கட்டடத்துல நடக்கிறது அது இல்லையே.

லண்டன் ஃப்ளீட் தெருவுல "தி ஓல்ட் பேங்க் ஆஃப் இங்கிலாந்து"ன்னு ஒரு பப் இருக்கு, பேருக்கேத்த மாதிரி நிஜமாவே பேங்க் ஆஃப் இங்கிலாந்தோட கிளையா இருந்த இடம். 1882ல பக்கத்துல ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் திறந்தாங்க, அந்தக் கோர்ட்டுப் பக்கத்து வரவு செலவுக்காக சர் ஆர்தர் புளோம்ஃபீல்ட் வரைஞ்சு 1888ல கட்டி முடிச்சது. 1975ல கிளையை மூடிட்டாங்க, அப்புறம் கொஞ்ச வருஷம் ஒரு பில்டிங் சொசைட்டி (சேமிப்பு வாங்கி வீட்டுக்கடன் தர்ற சங்கம்), 1990கள்ல பப்.

இத்தாலிய அரண்மனை பாணி முகப்பு அப்படியே இருக்கு. உள்ள அண்ணாந்து பார்க்க வைக்கிற ஹால், கூரையெல்லாம் சுதை வேலைப்பாடு, அந்தக் காலத்துல பேங்குக்கு இவ்ளோ பிரமாண்டம் எதுக்குன்னா உன் பணம் இங்க பத்திரம்னு வர்றவனுக்குக் கட்டடமே சொல்லணும். இப்ப அதே ஹால் நடுவுல தீவு மாதிரி பார் கவுன்டர், சுத்தி நின்னு பீர் குடிக்கிறாங்க. நடுவுல போட்டது ரொம்ப நல்ல முடிவுன்னு எனக்குத் தோணுது, சுவரோரம் போட்டிருந்தா பாட்டில் அலமாரி வேலைப்பாட்டையெல்லாம் மறைச்சிருக்கும். இங்கிலாந்துல பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களோட பட்டியல்ல கிரேடு 2ன்னு இருக்கிற கட்டடம் வேற, அதோட தன்மை கெடுற மாதிரி உள்பக்கம் கை வைக்கணும்னாலும் அனுமதி வாங்கித்தான் ஆகணும்.

பயன் மாறுது, கட்டடம் காக்கப்படுது. ரெண்டும் சொல்லுக்குள்ள வரணும்னுதான் "பயன்மாற்றுக் காப்பு"ங்கறேன். புனரமைப்புன்னா சிதைஞ்சதைத் திரும்பக் கட்டுறது, இது சிதையவே இல்ல. "தகவமைப்பு" உயிரியல்ல ஊறிப்போன சொல், அங்க உயிரினம் தானா மாறுது, இங்க ஆர்க்கிடெக்ட் உக்காந்து யோசிச்சு மாத்துறார்.

> வெறும் "பயன்மாற்றம்" போதாதா?

நிலப் பயன்பாட்டு மாற்றத்தோட குழம்பும்ங்க. வயலை பிளாட் போட்டாலும் பயன் மாறத்தான் செய்யுது, அதுல எதைக் காத்தோம்?

வினையா சொல்லிப் பாருங்க, "பழைய வங்கியைப் பயன்மாற்றிக் காத்தார்கள்", தடங்கல் இல்லாம வருது. பெயரா வரும்போது கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கறேன். இதைவிடச் சின்னதா யாருக்காவது தோணுச்சுன்னா எழுதுங்க, ஆனா "காப்பு"ங்கிற கருத்து மட்டும் விட்டுப்போகக் கூடாது.