குத்துவிளக்கு போன் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வாருங்கள்

போன வருடம் பினாங்கு லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில் டயல் வைத்த கேண்டில்ஸ்டிக் போன் ஒன்று கண்ணில் பட்டது. நிற்கும் தண்டின் உச்சியில் மைக், பக்கவாட்டு ஹூக்கில் தொங்கும் ரிசீவர், அந்தக் காலத்து போன். சீனத் தாத்தா 350 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், 280க்குப் படிந்தது. அம்மா பார்த்தவுடனேயே "என்னடா இது, குத்துவிளக்கு மாதிரி?" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அடித்தட்டைக் கழற்றினால் டயலின் பின்புறம், ஹூக்கோடு சேர்ந்து அசையும் தகட்டுக் காண்டாக்ட்கள், நாலைந்து திருகுகள். அவ்வளவுதான். மணி இல்லை, குரலை லைனுக்குக் கடத்தும் காயில் இல்லை, கெப்பாசிட்டர் இல்லை. அவையெல்லாம் சுவரில் தனிப் பெட்டியில் இருந்தவையாம். சந்தைக்கு வருவது தண்டு மட்டும். பெட்டி எந்தக் காலத்திலேயோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இது தெரியாமல், இன்னும் செம்புக் கம்பி லைன் உள்ள மாமா வீட்டில் மைக்கையும் ரிசீவரையும் வரிசையாகத் தொடுத்து நேரே லைனில் கொடுத்தேன். டயல் டோன் வந்துவிட்டது! ஆனால் பேசினால் என் குரலே காதைக் கிழித்தது. டயல் சுற்றும்போது வேறு 'டக் டக்' என்று காதில் அடி. டயலைத் திருப்பியதும் ரிசீவரை ஷார்ட் செய்ய ஒரு தனிக் காண்டாக்ட் உண்டு. அதை நான் இணைக்கவே இல்லை. உங்களுக்கு என்ன நடந்தது?

—

தம்பி, நான் கோலாலம்பூர். 1987இல் டெலிகோம் இலாகா கம்பெனியாக மாறுவதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவன். நேரே கொடுத்தால் இன்னொரு வம்பும் உண்டு. லைனின் டிசி கரண்ட் ரிசீவர் வழியாகவே ஓடும். கம்பி மாறிப்போனால் அது உள்ளே இருக்கும் காந்தத்துக்கு எதிராக வேலை செய்யும். நாளாக ஆகக் காந்தம் சோர்ந்துபோகும். இடையில் காயில் வைத்து ரிசீவரை லைனிலிருந்து பிரித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

என் நண்பர் ஒருவர் மணியைக் கெப்பாசிட்டர் இல்லாமல் லைனில் மாட்டிவிட்டு, "யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டாம்" என்று புலம்பினார். ஆகாமல் என்ன செய்யும்? போன் சும்மா இருக்கும்போது லைனில் சுமார் 50 வோல்ட் டிசி. மணிச்சுருள் 1000 ஓம். கரண்ட் ஓடும், நாம் ரிசீவரை எடுத்துவிட்டதாகவே எக்ஸ்சேஞ்ச் நினைக்கும். மணியோடு வரிசையில் 2 மைக்ரோஃபாரட் வைத்தால் டிசி நிற்கும், மணியடிக்கும் ஏசி மட்டும் போகும். பழைய காகிதக் கெப்பாசிட்டரை நம்பாதே, கசியும். இங்கே ஜாலான் பாசார் கடைகளில் 250 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அப்புறம், கை வைப்பதற்கு முன் லைனைக் கழற்று. மணி வரும்போது 75 வோல்ட்டுக்கு மேல் ஏசி. நான் துள்ளியிருக்கிறேன்.

—

என் வீடு புக்கிட் மெர்தாஜாம். டயலில்தான் எனக்கு வினை. பூஜ்யம் சுற்றினால் டயல் திரும்பும்போது லைனைப் பத்து முறை வெட்டும், அதாவது பத்துத் துடிப்பு, விநாடிக்குப் பத்து என்ற கணக்கில் ஒரு விநாடியில் திரும்ப வேண்டும். என்னுடையது எண்ணெய் காய்ந்துபோய் இரண்டு விநாடி எடுத்தது. அக்காவைக் கூப்பிட்டால் யாரோ ஒரு மலாய் மாக்சிக் (அத்தை), மறுபடியும் அவரே, மூன்றாம் முறை அவர் பெயரைக் கேட்டு நலம் விசாரித்துவிட்டேன்.

தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அது கவர்னர் கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டது. உராய்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அதுதானே! டயல் பறக்க ஆரம்பித்தது. லைட்டர் திரவத்தில் பிரஷை நனைத்துக் கழுவி, பல்சக்கரங்களுக்கு மட்டும் ஊசிமுனையால் துளித்துளியாக வைத்த பிறகே சரியானது. அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்கு ஃபைபர் வந்தது. ரௌட்டருக்குத் துடிப்பு டயல் புரியவே இல்லை; துடிப்பை டோனாக மாற்றும் சின்ன டப்பா ஒன்றை இடையில் போட்டிருக்கிறேன்.

—

அண்ணே, அக்கா, நன்றி. மாமா வீட்டில் நேற்று மணி அடித்தது! மூன்று இரவு வேலை. துணி சுற்றிய கயிற்றுக்குள் கம்பிகள் எல்லாமே காப்பி நிறம், மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். அது கம்பியும் இல்லை, நூல்மேல் சுற்றிய மெல்லிய செம்பு ஜரிகை. ஈயப்பற்று வைக்கப் போய் நூல் கருகிவிட்டது. அப்புறம் நுனியைச் சின்னத் தகட்டால் கவ்வி நசுக்கிவிட்டேன். மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டியதும் உள்ளே கட்டியாகியிருந்த கரித்தூள் உதிர்ந்து குரல் தெளிந்தது.

காயில், மணி, கெப்பாசிட்டர் மூன்றும் இப்போதைக்கு அட்டை விரித்த பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. யாரிடமாவது பழைய மரப்பெட்டி சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பெராய் வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.